வெறுங்கைச் சம்பந்திகள்

விளாங்குடி, மதுரை
2.6.2024

மேலணை முகாமில் இருக்கும் அன்புச் சம்பந்தி பாதுஷா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். யாசீன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மைதீன் பீவியும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தங்கள் சுகமும் சம்பந்தியம்மாவின் சுகமும் அறிய ஆவல். சம்பந்தியம்மாவுக்கு இழுப்பு குறைந்ததா? மலைக்குளிர் அதற்கு ஆகாது என்று நான் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குக் காலண்டர் பார்க்கும் பழக்கம் இல்லை போலிருக்கிறது. கடையில் காற்றாடியைப் போட்டால் நூல்கண்டெல்லாம் உருண்டு ஓடுகிறது, நிறுத்தினால் எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. தையல் சாமான் கடை வைத்தவனின் பாடு இது. உங்கள் அணைக்கட்டு முகாமுக்கு இன்னும் செல்போன் கோபுரம் வரவில்லை, அதனால் என் சம்பந்திக்குக் கடிதம்தான் எழுதுகிறேன் என்று சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. சரக்கெடுக்க ஊட்டிக்கு வரும்போது நீங்கள் போன் போட்டாலும் மைதீன் பீவி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். பிறகு பேசுவது நீங்களும் அவளும்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவன்.

அக்டோபருக்கு இப்போதே தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்ட ஆரம்பித்துவிட்டேன். கடையில் மீந்த சரிகை, சிவப்புப் பட்டுநூல், கோழிக்கடை கருத்தக்கண்ணன் கொடுத்த சேவல் பிடரி இறகு. மூன்றையும் முள்ளில் சுற்றினால் எனக்கே கொசு கடிக்கிற மாதிரி இருக்கிறது. விளாங்குடிக் கண்மாயில் போட்டுப் பார்த்தேன், ஜிலேபி மீன் ஏமாந்து கவ்வியது. உங்கள் மலை ட்ரவுட் மட்டும் என்ன, பட்டம் வாங்கிய மீனா?

பிள்ளைகளுக்கு நிக்காஹ் முடிந்த வருஷம் தொடங்கிய வழக்கம் இது. மூன்று அக்டோபராக அந்த நீர்த்தேக்கக் கரையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறோம், ஒரு மீனும் சிக்கவில்லை. கடைசியில் காவல்காரர் கண்ணுச்சாமி பிடித்ததைத்தான் தின்றோம். இந்த வருஷமாவது அந்த மனிதர் முன்னால் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். முதல் வீச்சு வழக்கம்போல் உங்களுடையது. பெண்ணைக் கொடுத்தவன் முந்தக் கூடாது.

இஷ்ரத் கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கிறாள், பள்ளிக்கூட லீவு. மாப்பிள்ளை வரவில்லை, கம்பெனியில் ஆடிட்டிங்காம். பெருநாளுக்கு இரண்டு பேரும் அங்கே வருவார்கள்தானே?

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் சலாம்.

தங்கள்
முகமது யாசீன்


மேலணை முகாம், நீலகிரி
23.6.2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எல்லோரும் சுகம். வீட்டில் இழுப்பு பரவாயில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

பெருநாள் நல்லபடியாக நடந்தது. ஆசிப் வந்தான். இன்னும் இங்கேதான் இருக்கிறான், லீவு போட்டிருக்கிறானாம். நிறையத் தூங்குகிறான். இஷ்ரத் வரவில்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறாள் என்று சொன்னான். ஜூன் மாதத்தில் என்ன பரீட்சை என்று நான் கேட்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. கடையில் உப்பும் சீனியும் கசிகிறது. அணையில் தண்ணீர் ஏறுகிறது. மீன்பிடிச் சீட்டு அக்டோபர் கடைசி வரை கொடுப்பார்கள். கடைசி வாரம் வாருங்கள். குளிர் அதிகமாக இருக்கும், ஆனால் ஓடை வந்து சேரும் வாயில் மீன் கூடும் நேரம் அது.

பூச்சியை நீங்கள் கட்டுங்கள். முதல் வீச்சும் நீங்களே வீச வேண்டும். பெண்ணையே கொடுத்த மனிதருக்கு ஒரு மீன் கொடுக்க வக்கில்லாதவன் என்று கண்ணுச்சாமி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

தங்கச்சிக்கு எங்கள் சலாம்.

பாதுஷா


விளாங்குடி
9.7.2024

அன்புச் சம்பந்தி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. சுகம் என்று எழுதிவிட்டு மற்றதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தும் இஷ்ரத் போகவில்லை. இங்கே கே.கே. நகரில் ஒரு பள்ளியில் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். அதற்குப் பிறகும் லீவு என்று நம்பிக்கொண்டிருக்க நான் என்ன சின்னப்பிள்ளையா? நேற்றுக் கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. கொஞ்சம் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அத்தா, அவரு கெட்டவரு இல்ல. ஒரு வார்த்த திட்டுனது இல்ல. ஆனா ஒரு வார்த்த மனசு விட்டுப் பேசுனதும் இல்ல. எனக்குப் புடிக்குமேன்னு அவரு சாப்புடுவாரு, அவருக்குப் புடிக்குமேன்னு நான் சாப்புடுவேன். கடைசில பாத்தா அந்தக் கத்திரிக்காயி ரெண்டு பேருக்குமே புடிக்காது. விருந்தாளிங்க மாதிரி எம்புட்டு நாளைக்குத்தான் இருக்குறது?" என்றாள்.

இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம். பிரிந்துவிடுவது என்று. ஆசிப்பும் உங்களிடம் சொல்லியிருப்பான். நீங்கள் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நம் லட்சணம் அது.

மைதீன் பீவி உங்கள் வீட்டின் மேல் கோபமாக இருக்கிறாள். ஏனென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. யார் மேலாவது கோபப்பட வேண்டுமே.

ஒன்று கேட்க வேண்டும். கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. மகளின் வாழ்க்கை இப்படி நிற்கிறது, நான் இன்னொன்றையும் நினைத்துக் கவலைப்படுகிறேன். பிள்ளைகள் பிரிந்துவிட்டால் நான் உங்களுக்கு யார்? ஊரில் பிரிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சம்பந்திகள் கல்யாண மண்டபத்தில் எதிரெதிரே வந்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்வார்கள். நமக்கும் அப்படித்தானா? எனக்கு இந்த வயதில் கிடைத்த ஒரே சிநேகிதம் நீங்கள். அதை இழக்க எனக்கு மனமில்லை.

பதில் போடுங்கள்.

தங்கள்
யாசீன்


திருமங்கலம்
17.8.2024

முகமது யாசீன் ராவுத்தர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

திருமங்கலத்தில் என் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, 25-ஆம் தேதி காலை, ஜமாஅத் அலுவலகத்தில் இரு வீட்டாரும் கூடிப் பிரிவை எழுதிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் நாள் குறித்திருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் மனக்கசப்பு இருப்பதால் அதன் பிறகு போக்குவரத்தும் கடிதமும் வேண்டாம் என்பது எங்கள் அண்ணன் அவர்களின் கருத்து. தாங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

அண்ணன் டீ குடிக்க எழுந்து போயிருக்கிறார். அவர் சொல்லச் சொல்லத்தான் மேலே உள்ளதை எழுதினேன். உங்கள் முழங்காலுக்கு யூகலிப்டஸ் தைலம் கொண்டுவந்திருக்கிறேன். இங்கிருந்து விளாங்குடி ஒரு பஸ் தூரம்தான். ஆனால் எப்படிக் கொண்டுவந்து கொடுப்பது என்று தெரியவில்லை.

அண்ணன் வருகிறார்.

இப்படிக்கு,
பாதுஷா


விளாங்குடி
5.9.2024

மேலணை பாதுஷா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் வேண்டாம் என்றீர்கள். இது ஒன்று மட்டும். வீட்டு முகவரிக்குப் போடாமல் முகாம் தபால் நிலையத்தில் வாங்கிக்கொள்ளும்படி அனுப்புகிறேன். தபால்காரர் உங்கள் கடையில்தானே டீ குடிக்கிறார், கொடுத்துவிடுவார்.

அன்று ஜமாஅத்தில் நீங்கள் வடக்குப் பக்க பெஞ்சில், நான் தெற்குப் பக்க பெஞ்சில். நீங்கள் சலாம் சொன்னீர்கள், அங்கிருந்த எல்லோருக்கும் சேர்த்து. நானும் எல்லோரோடும் சேர்த்துப் பதில் சொன்னேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன், இளைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். இஷ்ரத்தின் பேனா எழுதவில்லை என்றதும் ஆசிப் தன் பேனாவைக் கழற்றிக் கொடுத்தான். அவள் "தேங்க்ஸ்" என்றாள். அங்கேயும் அந்த மரியாதை. எனக்கு அங்கேயே எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. வாசலில் ஆசிப் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க மாமு" என்றான். நான் அவன் தோளைத் தட்டினேன்.

நீங்கள் எல்லோருக்கும் முன்னால் வெளியே போனீர்கள். கோபம் என்று உங்கள் அண்ணன் நினைத்திருப்பார், நானும் அப்படித்தான் நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் அம்புட்டுச் செருப்புக் குவியலில் என் செருப்பு மட்டும் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, ஒரு செருப்புக்குள் தைலப் புட்டி.

உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் இதைத்தான் செய்வீர்கள். குனிந்து என் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைப்பீர்கள். மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டான் செருப்பைத் தொடலாமா என்று மைதீன் பீவி பதறுவாள். என் முட்டிக்குக் குனிந்து திரும்பக் கஷ்டம் என்று நீங்களாகக் கண்டுபிடித்து வைத்திருந்தீர்கள். அன்றும் மறக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தைலத்தின் நெடி என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன்.

தைலம் ஏது என்று மைதீன் பீவி கேட்டாள். மெடிக்கலில் வாங்கினேன் என்றேன். புட்டியில் உங்கள் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. அவள் அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் தேய்த்துவிட்டாள்.

அக்டோபர் சீட்டு எடுத்திருந்தால் என் பெயரை அடித்துவிடுங்கள். கட்டி வைத்த பூச்சிகளைத் தபாலில் அனுப்பட்டுமா? இங்கே கண்மாய் ஜிலேபிக்கு அவ்வளவு சரிகை அதிகம்.

சம்பந்தியம்மா என்று எழுத வந்தது. நிறுத்திவிட்டேன். உங்கள் வீட்டில் சலாம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

யாசீன்


மேலணை முகாம்
1.10.2024

அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் எழுதப் பல தடவை உட்கார்ந்தேன். மேலே என்ன போட்டு எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். சம்பந்தி என்று போட முடியாது. ராவுத்தர் அவர்கள் என்று போட்டால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. அதனால் ஒன்றும் போடவில்லை. மன்னிக்கவும்.

சுகம்தான். ஆசிப் கோயம்புத்தூர் திரும்பிவிட்டான். போன மாதம் சரக்கெடுக்கப் போனபோது போனில் அரைமணி நேரம் பேசினான். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவான். வீட்டில் இன்னும் வருத்தம். உங்கள் பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இஷ்ரத்துக்கு அவள் பின்னிய சால்வை ஒன்று பாதியில் நிற்கிறது. அதைப் பிரிக்கவுமில்லை, முடிக்கவுமில்லை.

சீட்டு இரண்டு பேர் பெயரிலும் முன்பே எடுத்தாகிவிட்டது. பெயரை அடிக்க வேண்டுமென்றால் ஊட்டிக்கு நேரில் போய் மனுக் கொடுக்க வேண்டுமாம். மழையில் யார் போவது? ஆகவே நீங்கள் வந்துதான் ஆக வேண்டும்.

என் வீட்டில் தங்க முடியாது. கண்ணுச்சாமியின் கொட்டகையில் ஒரு அறை இருக்கிறது, அடுப்பும் உண்டு. அவன் யாரிடமும் சொல்லமாட்டான் என்று சத்தியம் செய்திருக்கிறான். அவன் சத்தியத்தை நான் நம்பவில்லை, இருந்தாலும் வாருங்கள்.

உங்கள் வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவீர்கள்? திருப்பூருக்கு நூல் எடுக்கப் போகிறேன் என்று சொல்லலாம்.

பூச்சிகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். கையில் கொண்டுவாருங்கள்.

பாதுஷா


விளாங்குடி
12.10.2024

அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மேலே ஒன்றும் போடவில்லை. நீங்கள் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் அனைவரும் சுகம். இஷ்ரத்துக்கு கே.கே. நகர் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. காலையில் ஸ்கூட்டியில் போகும்போது எனக்கு டாட்டா காட்டுகிறாள். பழைய இஷ்ரத் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறாள்.

திருப்பூர்க் கதை சரிப்படவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மைதீன் பீவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், உண்மை தானாக வந்துவிட்டது. "பாதுஷாவப் பாக்க மலைக்குப் போறேன்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இஷ்ரத்தான் பேச்சை எடுத்தாள்.

"போயிட்டு வாங்கத்தா. நான் அவரு வேணாம்னுதான் கையெழுத்துப் போட்டேன். மாமு வேணாம்னு எங்கயும் எழுதல."

மைதீன் பீவி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுநாள் என் பையைத் திறந்தால் மேலாக அந்தப் பச்சை ஸ்வெட்டர். கல்யாணமான வருஷம் உங்கள் வீட்டில் எனக்குப் பின்னிக் கொடுத்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதைத் துவைத்து, கழுத்துப் பட்டனை மாற்றித் தைத்து வைத்திருக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் திரும்ப எடுத்து வைத்துவிடுவாளோ என்று பயம்.

26-ஆம் தேதி சனிக்கிழமை வாரேன். கொட்டகையில் போர்வை இரண்டு போதாது என்று கண்ணுச்சாமியிடம் சொல்லுங்கள்.

யாசீன்


விளாங்குடி
3.11.2024

அன்புள்ள பாதுஷா அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா என்று யோசிக்காமல் போட்டுவிட்டேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படியுங்கள். சுகமாக வந்து சேர்ந்தேன். தீபாவளிக் கூட்டத்தில் திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தேன். முழங்கால் வலித்தது, தைலம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலையை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முதல் நாள் சாயங்காலம் நாம் செய்த கூத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். "நீங்க வீசுங்க." "இல்ல, நீங்க மொதல்ல." உறவு முறிந்து இரண்டு மாதம் ஆகியும் நமக்கு அது விளங்கவில்லை. கண்ணுச்சாமி நம்மைப் பார்த்து, "இம்புட்டு மீனு கெடக்குற எடத்துல நாலு வருசமா ஒண்ணும் புடிக்காம இருக்குறதுக்கும் ஒரு தெறம வேணும்ணே" என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் தூறல். தண்ணீர் மேல் பனி எழும்பி எதிர்க்கரை மறைந்துவிட்டது. என் விரல் என்னுடையதாகவே தெரியவில்லை, பூச்சியை முடிச்சுப் போட நீங்கள்தான் ஊதி ஊதி என் கையைச் சூடாக்கினீர்கள். ஓடை வாயில், பாறைக்குப் பக்கத்தில் வீசினேன். இரண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை நூல் சட்டென்று விறைத்தது. கண்மாய் ஜிலேபி வெடுக்கென்று இழுக்கும். இது அப்படியில்லை, கம்பு முழுக்க நடுங்கியது.

நான் என்ன செய்தேன் என்று நீங்கள் பார்த்துவிட்டீர்கள். திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நூலைத் தளர விட்டேன்.

நீங்கள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "இழுய்யா யாசீனு. இன்னும் என்னய்யா சம்பந்தி மருவாத?"

இழுத்தேன். அது ஓடியது, நான் விட்டேன். நின்றது, சுற்றினேன். நீங்கள் வலையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றீர்கள். கரையில் போட்டதும் பார்த்தோம். விலாவில் நீளமாக ஒரு சிவப்புப் பட்டை, உடம்பெல்லாம் பொட்டு. கடையில் ஒரு பாவாடைத் துணிக்கு இந்த நிறம் தேடி நான் அலைந்திருக்கிறேன்.

அதன் பிறகுதான் சொன்னேன். மூன்று வருஷமாக என் நூல் விறைத்தபோதெல்லாம் தளர விட்டுத்தான் வந்தேன் என்று. மாப்பிள்ளையின் தகப்பன் வெறுங்கையோடு நிற்கும்போது பெண் வீட்டான் மீனைத் தூக்கிக் காட்டலாமா? அது இஷ்ரத்துக்குச் செய்கிற நல்லது என்று நினைத்திருந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். ஈரப் பாறையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நீங்கள் மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

"நம்ம பிள்ளைகளும் இப்படித்தான்யா இருந்துருக்குக. நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு" என்றீர்கள். எனக்கு அது நெஞ்சில் இறங்கிவிட்டது. இன்னும் அங்கேயே இருக்கிறது.

மிளகும் மஞ்சளும் போட்டுக் கண்ணுச்சாமி பொரித்த அந்த மீனைப் போல் நான் எதுவும் தின்றதில்லை. சாயங்காலம் பிடித்த இரண்டாவதைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு விளாங்குடிக்குக் கொண்டுவந்தேன். மைதீன் பீவி பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"யாரு புடிச்சது?"

"நான்தான்."

"அவரு?"

"அவருக்கு ஒண்ணும் சிக்கல."

"முப்பது வருசமா அங்கயே கெடக்குற மனுசனுக்கு ஒண்ணுகூடவா சிக்கல? பாவம்" என்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு உங்களைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அந்தப் பாவம்தான். ஆனால் அவள் கேட்டதும் எனக்கும் அது உறுத்த ஆரம்பித்தது. உங்களுக்கு ஏன் ஒன்றும் சிக்குவதில்லை?

குளிரில் அலையாதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி
யாசீன்


மேலணை முகாம்
20.11.2024

யாசீன்,

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணன் என்று போட்டதை அடிக்கவில்லை. அண்ணன் என்றால் இனி நீ, வா, போ என்றுதான் எழுதுவேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது. சுகமாக இருக்கிறோம். கண்ணுச்சாமியின் சத்தியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வீட்டில் எல்லாம் தெரிந்துவிட்டது. எப்படித் திட்டப்போகிறாளோ என்று கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு போடும்போது, "அந்தப் பச்ச ஸ்வெட்டர இன்னும் போடுறாராமே" என்றாள். ஆமாம் என்றேன். "ஒரு கை குட்ட. குடுத்து விடச் சொல்லுங்க, சரி பண்ணித் தாரேன்" என்றாள். இஷ்ரத்தின் சால்வையை ராத்திரி மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.

தங்கச்சி கேட்டதற்குப் பதில். கரையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. உன் முதல் மீன் அது. அதன் பக்கத்தில் என் கதையைக் கொண்டுவந்து வைக்க மனம் வரவில்லை.

நீ வந்த முதல் வருஷம், உன் பஸ் வருவதற்கு முன்னால், என் தூண்டில் முள்ளின் முனையைக் குறட்டால் ஒடித்துவிட்டேன். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதைத்தான் செய்தேன். மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் குளிரில் வருகிற மனிதர், பெண்ணைக் கொடுத்தவர். அவர் ஒன்றும் பிடிக்காமல் நிற்க, நான் பிடித்துக் காட்டினால் என் ஊருக்கே மரியாதை இல்லை என்று நினைத்தேன். முதலில் நீ பிடிக்க வேண்டும், அப்புறம் நான் நல்ல முள் கட்டிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. நீ பிடித்தபாடில்லை. மீன்கள் என் பூச்சியைக் கவ்வித் துப்பிவிட்டுப் போகும். இரண்டாம் வருஷம் ஒன்று கவ்வியது, என் முழங்கை நீளம். உன் முகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஆக, நீ தளர விட, நான் முனையில்லாமல் வீச, நடுவில் கண்ணுச்சாமியின் மீனைத் தின்றுகொண்டிருந்தோம்.

இந்த அக்டோபரிலும் ஒடித்துத்தான் வைத்திருந்தேன். உறவு போனாலும் கை பழைய வேலையையே செய்தது. உன்னை இழு என்று கத்தினேனே, அப்போது என் கையில் இருந்ததும் மொட்டை முள்தான். அதை நினைத்துத்தான் அவ்வளவு சிரித்தேன். அழுததும் அதற்குத்தான்.

நேற்று சரக்கெடுக்க ஊட்டிக்குப் போனபோது இதை ஆசிப்பிடம் போனில் சொன்னேன். "நானும் சொல்லியிருக்கலாம்த்தா" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு இனி வரப்போகிறவளிடமாவது சொல்வான்.

சீசன் மறுபடி பிப்ரவரியில் திறக்கும். முனை உள்ள முள் கட்டப்போகிறேன். உனக்கு ஒரு வீச்சுகூட விட்டுக்கொடுக்கமாட்டேன். இங்கே எந்தப் பாறைக்கு அடியில் எந்த மீன் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன்.

கொட்டகை வேண்டாம். வீட்டிலேயே தங்கலாம் என்று அவள் சொல்லச் சொன்னாள். தங்கச்சியையும் கூட்டி வா.

பாதுஷா


விளாங்குடி
2.12.2024

அன்புள்ள பாதுஷா அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். ஜிப் வாங்க வந்த பெண் என் சிரிப்பைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டது. வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினேன். இஷ்ரத் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மைதீன் பீவி மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் கிறுக்கு" என்று சொல்லிவிட்டு, பிப்ரவரியில் எத்தனை ஸ்வெட்டர் வேண்டியிருக்கும் என்று கேட்டாள்.

இத்துடன் ஒரு டப்பா அனுப்புகிறேன். சரிகைப் பூச்சி. எனக்கென்று கட்டியதில் நல்லதாகப் பொறுக்கி உங்களுக்கு வைக்கலாம் என்று கை போனது. அதை அதட்டி நிறுத்திவிட்டு, நல்லதில் பாதி, மட்டத்தில் பாதி என்று சரிசமமாகப் போட்டிருக்கிறேன். முள்ளின் முனையைத் தொட்டுப் பாருங்கள், குத்தும். பச்சை ஸ்வெட்டரை மட்டும் அனுப்பவில்லை. கையைச் சரி செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், அப்படியே பழகிவிட்டது. சால்வை கிடைத்ததும் இஷ்ரத் தானே எழுதுவாள்.

அண்ணே, ஜூலையில் நான் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன், நான் உங்களுக்கு யார் என்று. அந்தக் கேள்விக்கு இனிமேல் பதில் எழுத வேண்டாம்.

பிப்ரவரியில் வாரோம். ஒன்றே ஒன்று. என் செருப்பை வாசல் பார்த்துத் திருப்பி வைக்காதீர்கள். கிளம்ப எனக்கு அவசரமில்லை.

வஸ்ஸலாம்.

யாசீன்